மணமற்ற சோப்பு: நோயுற்ற தோலைக் கழுவும் முறை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளன்று நோயாளியும் உறவினரும் எழுப்பும் வினாக்கள் மருந்து, உணவு, மறுபரிசோதனை ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் அமைகின்றன. எந்தச் சோப்பைப் பயன்படுத்துவது என்று கேட்போர் மிகச் சிலர். ஆயினும் சில வாரங்கள் கழித்துத் தோல் வறட்சி, அரிப்பு, வெடிப்பு என்று புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம் விசாரித்தால், காரணத்தின் ஒரு பகுதி குளியலறையில் இருப்பதைப் பல வேளைகளில் காண்கிறோம்.

அண்மைக் காலமாக மருந்துக் கடைகளிலும் அங்காடிகளிலும் "மென்மையானது", "மணமற்றது", "வீகன்" என்னும் மூன்று சொற்களைத் தாங்கிய சோப்புக் கட்டிகள் மிகுதியாக விற்பனைக்கு வருகின்றன. விலையும் சற்று அதிகம். இவை நோயாளிக்கு நல்லவைதாமா என்று கேட்கப்படுகிறது. மூன்று சொற்களும் ஒரே பொருளைக் கூறுவன போலத் தோன்றினும், அவை மூன்று தனித்தனிச் செய்திகளைச் சொல்கின்றன. நோயுற்ற தோலுக்கு அவற்றுள் எது எவ்வளவு உதவும் என்பதையும், எந்த நிலையில் அத்தகைய சோப்பையும் தவிர்க்க வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

தோலின் மேலடுக்கு

நம் தோலின் மிக மேலே இருக்கும் மெல்லிய அடுக்கு இறந்த உயிரணுக்களால் ஆனது. அந்த உயிரணுக்களைச் செங்கற்களாகக் கருதினால், அவற்றின் இடையே நிரம்பியிருக்கும் கொழுப்புப் பொருள்களைச் சாந்து எனலாம். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை அச்சாந்தின் கூறுகள். உடலின் ஈரம் வெளியேறாமலும், கிருமியும் எரிச்சலூட்டும் பொருள்களும் உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவரே.

இச்சுவர் சற்று அமிலத் தன்மை உடையது. பி.எச். என்னும் அளவையில் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருக்கும். மெய்யான சோப்பு எதுவாயினும் அதன் கரைசல் 9 முதல் 10 வரை காரத் தன்மை காட்டும். இந்த அளவையில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கைக் குறிப்பதால், 5 என்ற நிலைக்கும் 10 என்ற நிலைக்கும் இடையே ஒரு இலட்சம் மடங்கு வேறுபாடு உண்டு. நலமுள்ள இளைஞரின் தோல் சோப்பிட்டுக் கழுவிய சில மணி நேரத்தில் தன் அமிலத் தன்மையை மீட்டுக்கொள்கிறது. முதியோர், நீரிழிவு உள்ளோர், சிறுநீரகம் செயலிழந்தோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், எக்சிமா உடைய குழந்தைகள் ஆகியோரின் தோல் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. அது மீள்வதற்குள் அடுத்த சோப்புக் குளியல் வந்துவிடுகிறது.

சோப்பு அழுக்கை நீக்கும் விதமும் இதனுடன் தொடர்புடையது. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் சோப்பு செய்யும் வழக்கம் பழமையானது. எனினும் அதன் வேதியியலைத் தெளிவுபடுத்தியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரோல். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்த பொருள் என்பதை விளக்கி அவர் 1823-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். காரம் கொழுப்பைப் பிளக்கும்போது கொழுப்பு அமிலம் சோப்பாகிறது. கிளிசரின் பிரிந்து நிற்கிறது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரையும் மறு முனை எண்ணெயையும் பற்றிக்கொள்வதால், எண்ணெயோடு ஒட்டிய அழுக்கு நீரோடு வெளியேறுகிறது. அழுக்கிலுள்ள எண்ணெய் எது, தோலின் சாந்திலுள்ள கொழுப்பு எது என்று பிரித்தறியும் ஆற்றல் சோப்புக்கு இல்லை. இரண்டையும் அது கரைத்துக்கொண்டு போகும்.

நம் பகுதியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினத் தன்மை உடையது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகின்றன. வாளியின் உட்புறத்தில் வெண்படலமாக நாம் காண்பது அதுவே. அதே படலம் தோலிலும் தங்கி எரிச்சலூட்டும். நுரை வரவில்லையே என்று மேலும் சோப்பைத் தேய்ப்பதால் நிலைமை மோசமாகிறது. உப்பு நீர்ப் பகுதியில் வாழ்வோர், நோயாளியைக் கடைசியாக அலசுவதற்கேனும் ஒரு செம்பு நல்ல நீரைத் தனியே வைத்துக்கொள்வது பயனளிக்கும்.

மூன்று சொற்களின் பொருள்

முதலில் "மென்மையானது" என்பதை எடுத்துக்கொள்வோம். இச்சொல்லை எந்த உற்பத்தியாளரும் எதன் மீதும் அச்சிடலாம். ஆகவே இதன் மீது மிகுந்த நம்பிக்கை வைப்பதற்கில்லை. மென்மை என்பது பெரிதும் எந்த எண்ணெயிலிருந்து சோப்பு செய்யப்பட்டது என்பதையும், அதில் மிகை எண்ணெயும் கிளிசரினும் எவ்வளவு தங்கியுள்ளன என்பதையும் பொறுத்தது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து கிடைக்கும் சோப்பு எளிதில் நுரைக்கும், நன்றாகவும் கழுவும், ஆனால் வறண்ட தோலுக்குக் கடுமையானது. தேங்காய் எண்ணெயை உடலில் பூசினால் இதமளிக்கிறதே, அதன் சோப்பு எவ்வாறு கடுமையாகும் என்று பலர் வியக்கின்றனர். காரத்தோடு வினைபுரிந்த பின் அது எண்ணெயாக இருப்பதில்லை, வேறொரு பொருளாகிவிடுகிறது. ஒலிவ எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி. அதன் சோப்பு குறைவாகவே நுரைக்கும், தோலிடம் சற்று இணக்கமாகவும் நடந்துகொள்ளும்.

பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் ஒலிவ எண்ணெய், நீர், காரம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு சோப்பு செய்யும் மரபு நெடுங்காலமாக நிலவுகிறது. அம்மரபை யுனெஸ்கோ 2024-ஆம் ஆண்டில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மணமற்ற, விலங்குப் பொருளற்ற சோப்பு புதுமையான கண்டுபிடிப்பன்று என்பதற்கு இது சான்று. அதுவும் காரத் தன்மையுடைய சோப்புதான் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சொல்லாகிய "மணமற்றது" என்பதே நோயாளிக்கு மிகவும் முதன்மையானது. அழகுப் பொருள்களால் உண்டாகும் ஒவ்வாமைத் தோலழற்சிக்குக் காரணமாகும் பொருள்களுள் நறுமணப் பொருள்கள் முன்வரிசையில் நிற்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-ஆம் ஆண்டு முதல் 26 நறுமணப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்த்தால் உறையில் பெயரிட்டுக் கூறுதல் கட்டாயமாயிற்று. 2023-ஆம் ஆண்டில் அப்பட்டியல் எண்பதுக்கும் மேற்பட்டதாக விரிந்தது. இயற்கையான மணம் தீங்கற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. லிமோனீன், லினாலூல் என்பவை எலுமிச்சை, லாவெண்டர் முதலியவற்றின் எண்ணெய்களில் இயல்பாகவே உள்ளவை. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் அவை ஒவ்வாமையைத் தூண்டவல்லவை. தோல் தடுப்புச் சுவர் பழுதுபட்டிருக்கும்போது இவை எளிதில் உட்புகும்.

கீமோதெரபி பெறுவோருக்கு மற்றொரு காரணமும் உண்டு. நேற்று வரை விரும்பிய சந்தன மணமோ மல்லிகை மணமோ சிகிச்சை நாள்களில் குமட்டலைத் தூண்டலாம். இது நோயாளியின் பிடிவாதம் என்று குடும்பத்தார் எண்ணிவிடுவதுண்டு. தம் சோப்பையும் மணமற்றதாக மாற்றிக்கொள்ளும் பராமரிப்பாளர் அவருக்குப் பெரிய உதவி செய்கிறார். ஏனெனில் அருகில் வந்து தூக்குபவரின் கைமணமும் அவரை வருத்தும்.

ஒரு நுட்பமான வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். உறையில் "அன்சென்டட்" என்று இருந்தால் மணம் தெரியாது என்பது மட்டுமே பொருள். மூலப்பொருளின் வாடையை மறைக்க வேறொரு மணப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ" என்றால் மணப்பொருளே சேர்க்கப்படவில்லை என்பது பொருள். இரண்டையும் ஒன்றாகக் கருதாமல், பின்புறத்து மூலப்பொருள் பட்டியலில் "பர்ஃப்யூம்", "பார்ஃபம்", "ஃபிராக்ரன்ஸ்", "எசென்ஷியல் ஆயில்" ஆகிய சொற்கள் உள்ளனவா என்று பார்த்துவிடுவதே உறுதியான வழி.

மூன்றாவது சொல் "வீகன்". தமிழில் நனிசைவம் என்கிறோம். விலங்குகளிடமிருந்து பெறப்பட்ட எதுவும் சேராதது என்பது இதன் பொருள். மருத்துவ நோக்கில் வெளிப்படையாகக் கூறுவதாயின், நனிசைவம் என்பதனால் மட்டும் ஒரு சோப்பு தோலுக்கு மென்மையாகிவிடாது. முழுவதும் தேங்காய் எண்ணெயால் ஆன, வாசனை மிகுந்த, கடுமையான சோப்பும் நனிசைவமே. கம்பளியிலிருந்து கிடைக்கும் லனோலின் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் இச்சொல் நேரடியாக ஓரளவு உதவக்கூடும்.

அதற்காக இச்சொல்லைப் பொருளற்றதென்று ஒதுக்கிவிடலாகாது. வாழ்நாள் முழுவதும் உயிர்க்கொலை தவிர்த்து வாழ்ந்த ஒருவர், தாமே குளிக்க இயலாமல் பிறர் கையால் கழுவப்படும் நிலையை அடையும்போது, தம் உடலில் விலங்குக் கொழுப்புப் படக்கூடாது என்று விரும்பினால், அவ்விருப்பம் மருந்துச் சீட்டிலுள்ள குறிப்புக்கு நிகராக மதிக்கப்பட வேண்டும் என்பதே எம் கருத்து. அவர் கேட்கவில்லையெனினும் பராமரிப்பவர் கேட்டறிதல் நன்று. உறையில் "சோடியம் டாலோவேட்" என்றிருந்தால் அது மாடு, ஆடு முதலியவற்றின் கொழுப்பு. "சோடியம் லார்டேட்" என்றால் பன்றிக் கொழுப்பு. "சோடியம் பாமேட்", "சோடியம் பாம் கெர்னலேட்", "சோடியம் கோகோயேட்", "சோடியம் ஒலிவேட்" ஆகியவை தாவர எண்ணெய்கள். ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் இரு வழியிலும் கிடைப்பவையாதலால் பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. பச்சைப் புள்ளியைச் சைவக் குறியாகவே கொள்ள வேண்டும். பாலும் தேனும் விலக்கப்பட்டன என்பதற்கு அது உறுதியன்று.

டி.எஃப்.எம். என்னும் எண்

நம் நாட்டுச் சோப்பு உறைகளில் டி.எஃப்.எம். என்று ஒரு விழுக்காடு காணப்படும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரக் குளியல் சோப்பில் இது குறைந்தது 76 விழுக்காடும், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60 விழுக்காடும் இருக்க வேண்டும். "பேத்திங் பார்" எனப்படும் வகைக்கு 40 போதும். எனவே எண் உயர்ந்தால் சோப்பு சிறந்தது என்று கருதுகின்றனர். சோப்பு வகைகளைத் தம்முள் ஒப்பிடுவதற்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் "சோடியம் கோகோயில் ஐசித்தியோனேட்" போன்ற செயற்கைத் தூய்மிப்பான்களால் ஆன கட்டிகளில் டி.எஃப்.எம். குறைவாகவே இருக்கும், அவற்றின் பி.எச். தோலுக்கு நெருக்கமானது, கடின நீரிலும் பிசுக்கு உண்டாவதில்லை. மிக வறண்ட தோலுக்கும் எக்சிமாவுக்கும் தோல் மருத்துவர்கள் இத்தகைய கட்டியைப் பரிந்துரைப்பது இதனாலேயே. "செயற்கை" என்ற சொல்லைக் கண்டு அஞ்சித் தவிர்க்க வேண்டியதில்லை. மணமற்ற, நனிசைவ வகைகள் இதிலும் கிடைக்கின்றன.

வீட்டில் தயாரித்து விற்கப்படும் சோப்புகளைப் பலர் ஆர்வத்துடன் வாங்குகின்றனர். குளிர்முறையில் செய்த சோப்பு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் உலர்ந்து முதிர வேண்டும். எரிசோடாவின் அளவு தவறினால் மிகைக் காரம் கட்டியிலேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். மூலப்பொருள்களையும் தயாரித்த நாளையும் எழுதித் தராதவரிடம் நோயாளிக்காகச் சோப்பு வாங்க வேண்டாம்.

பாசிப்பயற்று மாவு, கடலை மாவு, நலங்கு மாவு ஆகியவற்றைப் பற்றியும் கேட்கின்றனர். நலமுள்ள தோலுக்கு நைசாக அரைத்துச் சலித்த பயற்று மாவு பெரும்பாலும் பொருந்தும். வெடிப்பு, புண், கதிரியக்கச் சிகிச்சை பெற்ற இடம் ஆகியவற்றில் மாவின் துகள் உராயும், மடிப்புகளில் தங்கிவிடும். நலங்கு மாவில் மணப்பொருள்களும் உண்டு.

யாருக்கு எவ்வாறு

முதியோரைப் பொறுத்தவரை, நாள்தோறும் குளித்துப் பழகியவரைக் குளிக்க வேண்டாம் என்று தடுப்பது நம் வெப்பத்தில் நியாயமாகாது. குளியல் தொடரட்டும், சோப்பு குறையட்டும். அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பகுதி, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போதும். கை, கால், முதுகு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாள்களில் வெறும் நீரே போதுமானது. இந்த ஒரு மாற்றத்தாலேயே பலருக்கு அரிப்புத் தணிவதைக் கண்டிருக்கிறோம்.

நீரிழிவு உள்ளோர் கால்களை இளஞ்சூடான நீரில் மென்மையான சோப்பிட்டு நாள்தோறும் கழுவலாம். நெடுநேரம் ஊறவைத்தல் கூடாது. உணர்ச்சி குன்றிய பாதத்துக்குச் சூடு தெரியாது. ஆகவே நீரின் சூட்டை முழங்கையால் அறிய வேண்டும். விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்துக. அவ்விடுக்குகளில் களிம்பு பூச வேண்டாம்.

டயாலிசிஸ் பெறுவோருக்குத் தோல் வறட்சியும் அரிப்பும் மிகுதி. மணமற்ற சோப்பு எரிச்சலைக் குறைக்கும். ஆயினும் அரிப்புக்கு இரத்தத்திலுள்ள கழிவுகளும் பாஸ்பரஸ் மிகுதியும் காரணமாகலாம் என்பதால் மருத்துவரிடம் கூறாமல் சோப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபிஸ்டுலா உள்ள கையை ஊசி ஏற்றும் முன் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவது கட்டாயம். வறட்சிக்கு அஞ்சி அதனை விட்டுவிடலாகாது. அங்கே நோய்த்தொற்றே பேரிடர்.

கதிரியக்கச் சிகிச்சை பெறுவோர், சிகிச்சை பெறும் இடத்தில் நீரே படக்கூடாது என்று அஞ்சுகின்றனர். சிகிச்சைப் பிரிவினர் தடுக்காதவரை, இளஞ்சூடான நீரும் மணமற்ற மென்மையான சோப்பும் கொண்டு உள்ளங்கையால் இதமாகக் கழுவலாம். குறியிட்ட கோடுகளைத் தேய்த்து அழிக்க வேண்டாம். தோல் உரிந்து கசியத் தொடங்கினால் சோப்பை நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

படுக்கையிலேயே சிறுநீரும் மலமும் கழிப்போரின் நிலை வேறு. சிறுநீரிலுள்ள யூரியா அமோனியாவாக மாறித் தோலின் காரத் தன்மையை முன்னரே உயர்த்தியிருக்கும். அதன் மேல் நாளுக்கு ஐந்தாறு முறை சோப்பிட்டால் தோல் கரைந்துவிடும். எவ்வளவு மென்மையான சோப்பாயினும் இங்கே அது முதல் தேர்வன்று. தோலின் பி.எச். அளவுக்கு ஏற்ற தூய்மிப்பானைப் பயன்படுத்துக. அது கிடைக்காவிடில் நீரும் மென்பஞ்சும் கொண்டு துடைத்து, ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பைப் பூசுக. எலும்பு துருத்தும் இடங்களில் சிவந்திருந்தால் அவ்விடத்தைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ கூடாது.

ஸ்டோமா பை அணிவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெயும் கிளிசரினும் மிகுந்த சோப்பு தோலில் மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். அதன் மேல் பையின் பசை ஒட்டாது. மற்றவர்களுக்கு நன்மையாகும் அதே குணம் இவர்களுக்கு இடையூறாகிறது. வெறும் நீரே அங்கே சிறந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் குளோர்ஹெக்சிடின் திரவம் தரப்பட்டால், அதற்குப் பதிலாக வீட்டுச் சோப்பைப் பயன்படுத்த வேண்டாம். சோப்பின் எச்சம் அத்திரவத்தின் ஆற்றலைக் குறைக்கும் என்பதால், சோப்பிட்டிருந்தால் முற்றிலும் அலசிய பின்னரே அதனைப் பூச வேண்டும்.

கட்டியைப் பேணுதலும் கழுவும் முறையும்

கட்டிச் சோப்பில் கிருமி தங்கி மற்றவருக்குப் பரவாதா என்ற ஐயம் இயல்பே. 1988-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கட்டிகளில் வேண்டுமென்றே பாக்டீரியாக்களைப் பூசி, 16 பேரை அவற்றால் கை கழுவச் செய்தனர்; கழுவிய கைகளில் அக்கிருமிகள் கண்டறியும் அளவுக்கு ஒட்டவில்லை. எனினும் புண் உள்ளவர், எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோருக்குத் தனிக் கட்டி வைப்பதே முறை. நீர் தேங்காத துளையிட்ட சோப்புப் பெட்டியில் அதனை உலரவிடுக. திரவச் சோப்புக்கு வேண்டிய பதனப் பொருள்கள் உலர்ந்த கட்டிக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அவற்றுள் சில ஒவ்வாமை தருபவையாதலால் இது கட்டியின் ஒரு நன்மை.

"கிருமி நாசினி" என்று அச்சிட்ட சோப்பு நோயாளிக்கு வேண்டும் என்று எண்ணுவோர் பலர். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைப் பொதுமக்களுக்கான கிருமிநாசினிச் சோப்புகளில் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2016-ஆம் ஆண்டில் தடை விதித்தது. சாதாரணச் சோப்பையும் நீரையும் விட அவை மேலானவை என்பதை உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பது ஒரு காரணம். பராமரிப்பவர் மணமற்ற எளிய சோப்பால் 40 முதல் 60 நொடி வரை முறையாகக் கை கழுவினாலே போதும்.

சோப்பைத் தோலில் நேரே தேய்க்காமல் கையில் நுரைத்துப் பூசுக. நைலான் நாரும் பீர்க்கங்கூடும் வேண்டாம். கொதிநீர் தோலின் கொழுப்பை மேலும் கரைக்கும், இளஞ்சூடு போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குளியலை முடித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் சற்று இருக்கும்போதே மூன்று நிமிடத்துக்குள் மணமற்ற வெள்ளைப் பாரஃபின் களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ பூசுக. அவை விலை குறைந்தவை; விலங்குப் பொருள் சேராதவை. உயர்ந்த விலைச் சோப்பை வாங்கிவிட்டு இந்தக் களிம்பை விட்டுவிடுவதைக் காட்டிலும், சாதாரண மணமற்ற சோப்பும் களிம்பும் சேர்ந்து அதிக நன்மை தரும்.

புதிய சோப்பை முதலில் ஒரு முன்கையின் உட்புறத்தில் மட்டும் நாளுக்கு இருமுறை நுரைத்துக் கழுவி ஒரு வாரம் பார்க்கவும். சோப்பைப் பூசி அப்படியே விட்டுவிடுவதோ துணியால் கட்டிவைப்பதோ கூடாது. எந்தச் சோப்பும் அவ்வாறு செய்தால் புண்ணாக்கும்.

அழுத்தினாலும் மறையாத சிவப்பு, நீர்க்கொப்புளம், இரத்தம் கசியும் வெடிப்பு, காய்ச்சலுடன் கூடிய தோல் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் வருக. வரும்போது பயன்படுத்தும் சோப்பின் உறையையும் களிம்பின் அட்டைப் பெட்டியையும் உடன் கொண்டுவருக. உறையைத் தூக்கி எறிந்துவிட்டவர்கள் மூலப்பொருள் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாலும் போதுமானது.